அந்தக் கடைசி கமா

போன வாரம் ஒரு கம்பெனி மேடம் என் தமிழைப் பாராட்டினார். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

தேவியைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு பெண். பகலெல்லாம் தண்டையார்பேட்டையில் ஒரு குடோனில் டேட்டா என்ட்ரி வேலை. சாயங்காலம் அதே தெருவில் நான் நடத்தும் பிரவுசிங் சென்டருக்கு வந்துவிடுவாள். கிளாஸுக்குப் போக வசதியில்லை. நெட்டில் கிடைத்ததை வைத்தே பைத்தான் கற்றுக்கொண்டாள். பைத்தான் என்றால் பாம்பு இல்லை... கம்ப்யூட்டருக்கு நாம் சொல்வதைப் புரியவைக்கும் ஒரு மொழி.

ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். போனாள்.

கேள்வி இதுதான். '12,45,7,' என்று ஒரு வரி. அதைப் பிரித்து, எண்களாக்கி, கூட்ட வேண்டும். பூ... இவ்வளவுதானா என்கிறீர்களா? நமக்குத்தான் அது எண். கம்ப்யூட்டருக்கு வெறும் எழுத்து. கமா வருகிற இடத்திலெல்லாம் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் எண்ணாக மாற்றச் சொல்ல வேண்டும்.

தேவி அப்படியே எழுதி ஓட்டினாள். திரையில் எரர்!

கடைசியிலும் ஒரு கமா இருக்கிறதே, அதற்குப் பின்னால் ஒரு காலித் துண்டு. ஒன்றுமில்லாததை எண்ணாக்கு என்றால் அது என்ன செய்யும்? படுத்துவிட்டது.

பதற்றத்தில் தேவி வாய்விட்டே சொல்லிவிட்டாள். "இன்னாடா இது, பேஜாரா கீது!"

ரூமே சிரித்ததாம். பரீட்சை நடத்திய மேடமும் சேர்ந்துதான்.

காது சூடாகிவிட்டது, ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை. எரர் காட்டிய வரிக்குப் போனாள். துண்டு காலியாக இருந்தால் விட்டுவிடு என்று ஒரு நிபந்தனை சேர்த்தாள். ஓட்டினாள். அறுபத்து நாலு. சரியான விடை!

"வேல கெட்சிரும்க்கா" என்றாள் என்னிடம். முகமெல்லாம் வெளிச்சம்.

நாட்கள் போயின. போன் வரவில்லை. தினமும் சென்டருக்கு வந்ததும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாள். தாங்க முடியாமல் நானே அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன். பரீட்சை நடத்திய அதே மேடம்தான் எடுத்தார். நானும் ராயபுரத்தில் பிறந்தவள்தான். ஆனால் போனில் பேசவென்று தனியாக ஒரு தமிழ் வைத்திருக்கிறேன்.

"அவங்க எழுதுனதுல ஏதாவது தப்பு இருந்துச்சுங்களா?"

"இல்லைங்க, புரோகிராம் பெர்ஃபெக்ட். கம்யூனிகேஷன்தான்... எங்க கிளையன்ட்ஸ் முன்னாடி அப்படிப் பேச முடியாதில்லையா? இப்ப நீங்க எவ்வளவு அழகா பேசுறீங்க!"

இதற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா?

"இன்னாக்கா சொன்னாங்க?" பக்கத்திலேயே நின்றிருந்தாள் தேவி.

மறைக்கத் தோன்றவில்லை. சொன்னேன். அழவில்லை அவள். திட்டவுமில்லை. தான் உட்காரும் கேபினுக்குப் போய், கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

மறுநாள் காலை வழக்கம்போல குடோனுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் சென்டருக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நேற்று மீன் வாங்கிக்கொண்டு வரும்போது பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன்.

"ஏன்டி வர்றதில்ல? வேற கம்பெனியே இல்லியா ஊர்ல?"

"கீதுக்கா. அங்கயும் வாயத் தொறக்கணுமே" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "எரர் வந்தா கம்ப்யூட்டரு எந்த லைன்ல தப்புன்னு காட்டுது, சரி பண்ணிக்கலாம். என்னாண்ட இன்னாக்கா தப்பு? எந்த லைன்ல?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

உங்களில் யாராவது கம்பெனி வைத்திருந்தால், தயவுசெய்து அவளுக்குப் பதில் சொல்லுங்கள். அழகான தமிழில் வேண்டாம்.