ஆர்க்கிட் இலையில் ஆடி வெள்ளி

போன வாரம் என் மருமகள் ஒரு இலையை அழுத்திப் பார்த்தாள். எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஒரு இலைக்கா இத்தனை பயம் என்கிறீர்களா? முழுவதும் கேளுங்கள்...

சங்கீதா எங்கள் வீட்டுக்கு வந்து ஏழு மாதமாகிறது. விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். கல்யாணத்துக்கு ஊரே குக்கரும் சுவர்க்கடிகாரமுமாகக் கொடுத்தபோது, அவளோடு வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து ஓர் ஆர்க்கிட் செடி கொடுத்தார்கள். இந்த வீட்டில் பாத்திரம் நான் வாங்கியது, திரைச்சீலை நான் தைத்தது, டிவி இருக்கும் இடம்கூட நான் சொன்னது. அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு தொட்டிதான்.

ஆடி பிறந்தால் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவார்கள் அல்லவா? கிளியனூரிலிருந்து சம்பந்தி வந்தார். கிளம்பும்போது சங்கீதா தொட்டியை என்னிடம் காட்டினாள்.

"அத்தை, வாரத்துக்கு ஒரு தரம் வேர்ல மட்டும் ஊத்துங்க. இலை மேல தண்ணி படவே கூடாது."

"நான் பார்க்காத செடியா? நீ நிம்மதியா போய்ட்டு வாம்மா" என்றேன். பெருமுக்கல் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிகளோடு வளர்ந்தவள் நான். ஒரு தொட்டிச் செடிக்குப் பாடம் கேட்பேனா?

முதல் வாரம் ஒரு குறையும் இல்லை. வராண்டாவில் பூ வரிசையாக நின்றது. அப்போதுதான் மரக்காணத்திலிருந்து மீன் கொண்டு வரும் செல்வி, கூடையை இறக்கி வைத்துவிட்டுச் செடியைப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, பட்டாம்பூச்சி குந்திக்கினு இருக்கிற மாதிரி கீது!"

நான்கு நாள் கழித்து ஓர் இலையில் பழுப்பாக ஒரு புள்ளி. சுற்றிலும் மஞ்சள் வளையம்.

எனக்குச் சந்தேகமே இல்லை. கண் பட்டுவிட்டது! வேறு யார்? செல்விதான். அடுத்த முறை அவளை கேட்டுக்கு வெளியிலேயே நிற்க வைத்து மீன் வாங்கினேன். அவள் அங்கேயே கூடையை இறக்கினாள். செதில் மட்டும் சீவிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்து வந்தது ஆடி வெள்ளி. தலைக்குக் குளித்து, மஞ்சள் கரைத்த தண்ணீரை வேப்பிலையால் வீடெல்லாம் தெளிப்பது என் வழக்கம். திருஷ்டி கழியட்டும் என்று செடிக்கு மட்டும் கூடுதலாக இரண்டு கை தெளித்தேன்.

மறுவாரம் புள்ளி மூன்றானது. நான் நாலு கை தெளித்தேன்.

அதற்கடுத்த வாரம்... விடுங்கள். நோய்க்கும் எனக்கும் போட்டி நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணி முதல் வாரம் சங்கீதா திரும்பி வந்தாள். பையைக்கூட வைக்கவில்லை, நேரே தொட்டியிடம் போனாள். புள்ளியை மெல்ல அழுத்தினாள்.

"வெயில் சுட்டிருந்தா காஞ்சு போய் அப்படியே நிக்கும் அத்தை. இது ஈரமா அமுங்குது. பரவுதான்னு பார்க்கணும்."

லேப்பில் ரத்த டியூப்களில் பெயர் எழுதுகிற மார்க்கரை எடுத்து, பெரிய புள்ளியைச் சுற்றிக் கோடு போட்டாள். பிறகு இலைகள் சேரும் நடுக்குருத்தை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்தாள். பேப்பர் மஞ்சளாக வந்தது. அதை ஒரு நொடி பார்த்தாள். மடித்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

காலையில் புள்ளி கோட்டைத் தாண்டியிருந்தது. நடுக்குருத்துக்கு இரண்டு விரல் தூரம்தான் பாக்கி. "குருத்துக்குப் போச்சுன்னா செடி அவ்ளோதான் அத்தை" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்தாள். புள்ளிக்கு அப்பால் நல்ல பச்சையோடு சேர்த்து இலையை வெட்டினாள். சமையலறையிலிருந்து பட்டையை எடுத்து மிக்ஸியில் பொடித்து, வெட்டிய ஓரத்தில் மட்டும் தடவச் சொன்னாள். கிருமி அண்டாதாம்; ஆனால் வேரில் படக்கூடாதாம். தடவியது நான்தான். வராண்டாவே பிரியாணி வாசம்.

அப்போதுதான் சொன்னேன். "சங்கீதா... தண்ணி தெளிச்சது நான்தாம்மா. வெள்ளிக்கிழமை தவறாம, இலை மேலேயே."

"தெரியும் அத்தை. நேத்தே பார்த்துட்டேன்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்வீங்கன்னு பார்த்துக்கினு இருந்தேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. என் பொண்ணாக இருந்தால் அந்த மஞ்சள் பேப்பரை என் மூக்குக்கு நேரே நீட்டியிருப்பாள்.

யோசித்துப் பாருங்கள். வீட்டில் எது கெட்டாலும் நமக்கு முதலில் அடுத்தவர் கண்தானே ஞாபகம் வருகிறது? நம் கை எங்கே இருந்தது என்று யார் பார்க்கிறோம்?

பத்து நாளாகிறது. புதுப் புள்ளி இல்லை. வெட்டிய ஓரம் காய்ந்துவிட்டது. செடி ஜன்னலோரம் காற்றாடுகிறது. இந்த வெள்ளிக்கிழமை நான் மஞ்சள் தண்ணீர் தெளித்தபோது, சங்கீதா ஓடி வந்து தொட்டிக்குக் குடை பிடித்தாள்!

நேற்று செல்வி வந்தாள். வழக்கம்போல கேட்டுக்கு வெளியே நின்றாள். நானே போய் கேட்டைத் திறந்து, கூடைக்கு ஒரு கை கொடுத்து வராண்டாவுக்கு அழைத்து வந்தேன். பாதி இலையோடு நின்ற செடியைப் பார்த்ததும் பதறிவிட்டாள்.

"ஐயோ, யாரு கண்ணு பட்டுச்சோம்மா!"

"கண்ணு இல்ல செல்வி... என் கைதான்."