ஜீப்புக்கு ஒரு மிக் மெஷின்

கடைக்காரர் வெல்டிங் மெஷினின் துப்பாக்கி மாதிரி இருந்த பிடியை அழுத்தியதும் அதன் மூக்கிலிருந்து மெல்லிய கம்பி இடியாப்ப இழைபோல நீண்டு வந்தது. என் வீட்டுக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி நின்றால் மறுபடி அழுத்தச் சொல்வார். சேலத்தில் இரும்புச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவில், மலையிலிருந்து இறங்கி வந்த எனக்கு வெயிலில் தலை கொதித்தது. என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இந்த மனுஷன் இத்தனை கேள்வி கேட்கவில்லை. காபி டம்ளரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டார். மெஷினிடம் மட்டும் அரை நாள் குடித்தனம் நடத்திவிட்டு, "யோசிச்சுட்டு வாறேனுங்க" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவார். இப்படி எத்தனை கடை ஏறி இறங்கினோம் என்று எனக்கு நினைவில்லை. கால் வலித்தது மட்டும் நினைவிருக்கிறது.

மஞ்சக்குட்டையிலிருந்து ஏற்காட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப் எங்களுடையது. அவர் ஓட்டினார். நான் ஏற்காட்டில் பள்ளிக்கூட டீச்சர் என்பதால் காலையில் அதே ஜீப்பில், காபி மூட்டைக்கும் பலாப்பழத்துக்கும் நடுவில் இடம் பிடித்துப் போவேன். எங்கள் ஊர்ப் பனிக்கும் மழைக்கும் இரும்பு தாங்காது. வருஷத்துக்கு வருஷம் ஜீப்பின் அடித்தகடு துருப்பிடித்து, ஓட்டுகிறவர் காலடியில் ரோடு தெரிய ஆரம்பித்துவிடும். தகட்டை அடைக்காவிட்டால், வண்டி ஓடலாம் என்று அரசாங்கம் தருகிற எப்.சி. கிடைக்காது. எப்.சி. இல்லாவிட்டால் ஆள் ஏற்ற முடியாது. மலைமேல் இருந்த வெல்டரிடம் குச்சி வைத்துப் பற்றவைக்கும் பழைய மெஷின்தான் இருந்தது. அந்தச் சூட்டுக்கு மெல்லிய தகடு உருகி, விரல் அளவு ஓட்டை உள்ளங்கை அளவு ஆனது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. அதனால் ஒவ்வொரு தடவையும் சேலத்துக்கு வண்டியை இறக்கி, பட்டறையில் விட்டு, இரண்டு மூன்று நாள் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு காத்திருப்பார்.

கம்பி தானாக வந்து உருகி ஒட்டுகிற மிக் மெஷின்தான் மெல்லிய தகட்டுக்குச் சரி, சின்னதாக ஒன்று வாங்கி வீட்டு ஷெட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். கேஸ் சிலிண்டர் மாட்டுகிற மெஷினா, கேஸ் இல்லாமல், உள்ளே மருந்து அடைத்த மருந்துக் கம்பியில் ஓடுகிற மெஷினா என்பதிலேயே ஒரு மழைக்காலம் போனது. கேஸ் மெஷினில் ஒட்டு சுத்தமாக விழுமாம். ஆனால் சிலிண்டர் தீர்ந்தால் சேலத்திலிருந்துதான் வர வேண்டும். எங்கள் ஷெட்டுக்கு அப்போது கதவும் கிடையாது. அடிக்கிற காற்று கேஸைக் கொண்டுபோய்விடும். மருந்துக் கம்பிக்குக் காற்றுப் பயம் இல்லை, ஆனால் புகையும் பொறியும் அதிகம். அப்புறம் கரண்ட். சாயங்காலம் எஸ்டேட் மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் எங்கள் வீட்டு பல்பு கண் சொக்கும். அந்தக் கரண்டிலும் ஓடுகிற மெஷினாக இருக்க வேண்டும். ஆம்பியர் நம்பர் பெரிசாகப் போட்ட மெஷினைக் கடைக்காரர்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பிஸ்கட் டப்பா கனத்துத் தகட்டுக்குப் பாலம் கட்டுகிற மெஷின் எதற்கு என்று இவர் திருப்பிக் கேட்பார். சின்ன மெஷின் என்றால் கொஞ்ச நேரம் வேலை செய்துவிட்டு நிறைய நேரம் ஆற வேண்டும் என்று ஒருவர் சொன்னபோது, "அப்ப எங்க மச்சானாட்டம்னு சொல்லுங்க" என்றார். அந்த மச்சான் என் தம்பி. ஜீப்பில் ஏறுகிறவர்களிடமெல்லாம் இதே பேச்சு. செம்மநத்தத்துக்காரர் ஒருவர் இதற்குப் பயந்தே பஸ்ஸுக்குக் காத்திருந்தார்.

ஒரு நாள் கொண்டை ஊசி வளைவு ஒன்றைத் தாண்டியதும் அவருக்குக் கண் இருட்டியது. ஓரமாக வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லிவிட்டு, ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். இதயம் மெதுவாக அடிக்கிறது என்று சேலத்தில் பார்த்துச் சொன்னார்கள். இடது மார்பில் தோலுக்கு அடியில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், செல்போனைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள், அதைத் தூக்காதீர்கள், இதைச் செய்யாதீர்கள் என்று வரிசையாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர், கடைசியில் வாயைத் திறந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏனுங்க டாக்டர், ஊட்ல சின்னதா வெல்டிங் பண்ணலாமுங்களா?"

கூடவே கூடாது, பக்கத்தில்கூட நிற்காதீர்கள், உள்ளே இருக்கிற கருவி தடுமாறிவிடும் என்றார் டாக்டர்.

சில மாதங்கள் கழித்து வண்டி ஓட்டலாம் என்று அனுமதி கிடைத்தது. அதற்குள் எப்.சி. தேதி நெருங்கிவிட்டது, தகடு முன்பைவிட மோசம். செக்கப் என்று சொல்லிவிட்டுத் தனியாகச் சேலம் போனவர், சாயங்காலம் பஸ்ஸிலிருந்து ஒரு பெட்டியை இறக்க வைத்தார். மிக் மெஷின். கேஸ் இல்லாதது, உள்ளதிலேயே சின்னது. எனக்கு வந்த கோபத்தில், சாகத்தான் காசு கொடுத்து வாங்கி வந்தீர்களா என்று கேட்டேன். கேட்கக் கூடாத வார்த்தை, கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "வண்டி நின்னு போச்சுன்னா, இந்த மெஷினை உள்ள வெச்சு என்ன புண்ணியம் புள்ள?" என்று மார்பைத் தொட்டுக் காட்டினார்.

அடுத்த நாளே ஷெட்டுக்குத் தகரக் கதவு போட்டுப் பூட்டினேன். சாவி என் பையில் பள்ளிக்கூடம் வந்தது. வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும்போது, அவர் பூட்டை உடைத்துவிட்டாரோ என்று பைக்குள் கைவிட்டுச் சாவியைத் தொட்டுப் பார்ப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடம்பு அசதியாக இருக்கிறது என்று அவர் சர்ச் பூசைக்கு வரவில்லை. சாமியார் பிரசங்கத்தில் பாதி தாண்டவில்லை, நான் எழுந்து ஓடி வந்துவிட்டேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது. அவர் ஜீப்புக்கு அடியில் படுத்து, அட்டையை வைத்து ஓட்டைகளுக்கு அளவு வெட்டிக்கொண்டிருந்தார். "ஏம்புள்ள, சாமியார் இன்னிக்குச் சுருக்கா முடிச்சுட்டாரா?" என்றார். அன்றைக்கு எனக்கு அலுத்துப்போனது. ஒருத்தரைக் காவல் காப்பதைவிட அந்த வேலையையே செய்துவிடலாம் என்று தோன்றியது. "நீங்க வேலிக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க, நான் புடிக்கிறேன்" என்றேன். அவர் மறு பேச்சில்லாமல் எழுந்து போனார்.

எனக்கு வெல்டிங் தெரியாது. அவருக்கும் போனில் பார்த்தது தவிரத் தெரியாது. பழைய எண்ணெய் டின்னில்தான் பழகினேன். முதலில் விழுந்ததெல்லாம் குருவி எச்சம். வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது என்பதால் அவர் வேலியோரம் சில்வர் ஓக் மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். சத்தத்தை வைத்தே தப்பு சொல்வார். "வடை பொரியறாப்ல ஒரே சத்தமா வரோணும், இது பட்டாசாட்டம் வெடிக்குது" என்று கத்துவார். நான் கம்பி வருகிற வேகத்தைக் குறைப்பேன். மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கித் தூக்கிக் காட்டிய பிறகுதான் வேலியைத் தாண்டி வருவார். ஒட்டைத் தடவிப் பார்த்து, நல்லா இருக்குது என்பார். பல நேரம் நன்றாக இருக்காது. அந்த வருஷம் எப்.சி. கிடைத்தது. ஜீப்பில் ஏறினவர்களிடம், தகடு டீச்சர் வேலை, கவனமாக மிதிங்க என்று சொல்லிச் சிரித்தாராம். அதற்குப் பிறகும் ஷெட்டைப் பூட்டாமல் நான் எங்கும் போனதில்லை. அவர்மேல் எனக்கு நம்பிக்கை வரவே இல்லை.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டி அவர் போய்ச் சேர்ந்தார். ஜீப்பை இப்போது வெள்ளக்கடை ஊர்க்காரர் ஒருவர் ஓட்டுகிறார். துரு மட்டும் யாருக்காகவும் நிற்பதில்லை. கம்பிச் சுருள் தீர்ந்துவிட்டதால் சென்ற வாரம் சேலத்துக்குப் போனேன், அவர் மெஷின் வாங்கிய அதே கடைக்கு. கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு அண்ணன் வரவில்லையா என்று கேட்டார். சொன்னேன். கம்பியை எடை போட்டுக்கொண்டே, அண்ணன் எடது கைக்காரருங்களா என்றார். இல்லையே என்றேன்.

"இல்லீங்க, கடைசியா மெஷின் வாங்க வந்தப்ப, எடது கைல புடிக்கத் தோதா இருக்குமான்னு கேட்டாருங்க. ரெண்டு கைக்கும் ஒண்ணுதானுங்கன்னேன், நம்பல. என்னையே எடது கைல புடிச்சுப் பத்தவெச்சுக் காட்டச் சொல்லிட்டு, அவரு அந்தத் தெரு முக்குல போயி நின்னுக்கிட்டாருங்க."

எங்கள் வீட்டில் இடது கைக்காரி நான் ஒருத்திதான். எழுதுவது, காய் நறுக்குவது எல்லாம் அந்தக் கைதான். நானாக முன்வந்து பிடித்தேன் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். வாங்குவதற்கு முன்பே அதை என் கைக்குக் கொடுத்துவிட்டார் அவர். ஒரு நாளும் அதைத் தொட நினைக்கவில்லை. பூட்டும், சாவியும், பாதிப் பூசையில் நான் ஓடி வந்த ஓட்டமும் வீண் காவல். நேராகக் கேட்டிருந்தால் என்னால் முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன், அது அவருக்குத் தெரியும். கடை வாசலில், அதே வெயிலில், கம்பிச் சுருளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மனுஷனை நன்றாகத் திட்ட வேண்டும்போல இருந்தது. திட்டுவதற்கு ஆள் வேண்டுமே.