முதலாளி அழைக்கிறார்

எங்கள் பனியன் கம்பெனி ஆபீசுக்கு போன் வந்தால், கூப்பிடுவது யார் என்று கம்ப்யூட்டர் திரையின் மூலையில் இப்போது பெயர் வருகிறது. டிரைவர், டெய்லர் எல்லோரிடமும் இருப்பது முதலாளி பெயரில் வாங்கிய கம்பெனி சிம். அதை ஏற்பாடு செய்த புண்ணியவான் எல்லா எண்ணுக்கும் "முதலாளி" என்றே போட்டுவிட்டான்.

"முதலாளி அழைக்கிறார்" என்று வந்ததும் எழுந்து நின்று, "சொல்லுங்க சார்" என்றேன். டெய்லர் இந்தியில் லீவு கேட்டார். அடுத்த முறையும் எழுந்தேன். தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங் அக்கா, "கரண்டு போயிருச்சுங்க" என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. சாயப்பட்டறைக்குப் போன டெம்போ வேறு திரும்பவில்லை. மறுபடி முதலாளி அழைத்தார். டிரைவர்தான் என்று நினைத்துக் கத்தினேன்: "எங்கய்யா தொலைஞ்சே?"

"ஊட்லதானுங்க இருக்கறேன்" என்றது முதலாளியின் குரல். "ஏனுங்க, டெம்போ வந்துருச்சுங்களா?"

பதில் சொல்வதற்குள் திரையில் அடுத்த அழைப்பு வந்தது: முதலாளி அழைக்கிறார்.