தீ கக்கிய டீச்சர் பூதம்

போன மாதம் ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ்ஸில் வரும்போது என் மகள் ஒரு ஜப்பானியப் படக்கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். பூதங்களோடு ஒரு சிறுமி பள்ளிக்கூடம் போகிற கதை. ஒற்றைக்கண் பூதம் வீட்டுப்பாடம் எழுதாமல் முழித்துக்கொண்டு நிற்கிற பக்கத்தை அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமாகச் சிரித்துவிட்டேன். பஸ்ஸில் பேசக்கூட மாட்டாத அப்பா இப்படிச் சிரித்ததில் மகளுக்கு வெட்கமாகப் போயிற்று.

அந்த மாதிரி ஒரு கதையை நானும் வரைந்திருக்கிறேன். அப்போது ஜெலுத்தோங்கில் மூன்றாம் வகுப்பு. டீச்சர் ஏதாவது கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்க்கிற பையன் நான். பேச்சுத்தான் வராது, பென்சில் பிடித்தால் படம் வரும். ஒரு நோட்டில் பள்ளிக்கூடத்தையே பூதங்களாக்கிக்கொண்டிருந்தேன். கேண்டீன் அக்காவுக்கு எட்டுக் கை, எட்டிலும் மீ கோரேங் தட்டு. பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதும் மானிட்டர் பெண்ணுக்குப் பின்மண்டையிலும் இரண்டு கண். தலைமையாசிரியர், சாவிக்கொத்து குலுங்க நடக்கும் இரும்புப் பூதம்.

வகுப்பில் யாரும் கோபப்படவில்லை. இடைவேளையில் என் மேசையைச் சுற்றிக் கூட்டம்.

“டேய், அவனுக்கு மட்டும் ரெண்டு கொம்பா? எனக்கும் இன்னொன்னு போடுலா!”

“நான் எப்பத்தான்டா பூதமாவறது?” என்று ஒருவன் அழாத குறை.

எங்கள் டீச்சரையும் நான் விடவில்லை. புதிதாகக் கல்யாணமானவர். கொஞ்ச நாளாக மேசை டிராயரில் ஜெருக் மாங்காய்ப் பொட்டலம் வைத்திருந்தார். நாங்கள் குனிந்து எழுதும்போது, ஊறவைத்த அந்த மாங்காயில் ஒரு துண்டு அவர் வாய்க்குப் போகும். பாதிப் பாடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவார். முகம் கழுவிக்கொண்டு திரும்புவார். பார்த்ததை வரைந்தேன். மாங்காய் தின்ற பச்சைப் பூதம் கால்வாய் ஓரமாகக் குனிந்து தீ கக்குகிறது. அடுத்த கட்டத்தில் முந்தானையால் முகம் துடைத்தபடி வாய்ப்பாடு சொல்லித் தருகிறது.

எங்கள் வீட்டில் எல்லா நோட்டுக்கும் ஒரே பழுப்புத்தாளில் அட்டை போடுவது வழக்கம். இது மட்டும் அட்டையில்லாமல் கிடக்கிறதே என்று அம்மா பரிதாபப்பட்டு அதற்கும் போட்டுவிட்டார். அக்கா என் பெயரை எழுதி ஒட்டிவிட்டாள். மறுநாள் கட்டுரை நோட்டுகளை மானிட்டர் அள்ளிக்கொண்டு போனபிறகு பையைத் திறந்தால், என் கட்டுரை நோட்டு உள்ளேயே இருக்கிறது.

டீச்சர் திருத்திக்கொண்டே வந்தார். என் நோட்டைப் பிரித்தவர் புன்னகைத்தார். இரும்புப் பூதத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அதற்கடுத்த பக்கத்தில் அவர் முகம் சிவந்துவிட்டது.

“தம்பி, வெளிய வா.”

ரோத்தான் பிரம்படிகூடப் பரவாயில்லை, நோட்டைக் கிழித்துவிட்டால்? வகுப்பில் பாதிப் பேர் அதற்குள் இருந்தார்கள். மீதிப் பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

தாழ்வாரத்தில் டீச்சர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “யாரு இதை உன்கிட்ட சொன்னா?”

“யாரும் சொல்லல டீச்சர். பார்த்தேன்.”

அந்த வழியாக வந்த மூத்த டீச்சர் ஒருவர் நோட்டை எட்டிப் பார்த்தார். வாங்கினார். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அடிப்பாவி! வயித்துல காத்துன்னு சொன்னியே! பொடிப்பயலுக்குத் தெரிஞ்சிருக்கு, எங்களுக்குத் தெரியல பாரு!”

“மெதுவா பேசுங்கக்கா. இன்னும் மூணு மாசம் ஆவல. அதுக்கு முன்ன யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு மாமியார் சொல்லியிருக்காங்க.”

மெதுவாகப் பேசுகிற ஆளா அவர்! பக்கத்து வகுப்பு டீச்சர்களெல்லாம் வந்துவிட்டார்கள். நோட்டு கைக்குக் கை போனது. தலைமையாசிரியரும் சாவிக்கொத்தோடு வந்து பார்த்தார். இரும்புப் பூதத்தைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, அடுத்த பக்கம் போய், அவரும் சிரித்துவிட்டார்.

யாரும் அடிக்கவில்லை. நோட்டும் கிழியாமல் கைக்கு வந்தது. ஆனாலும் வகுப்புக்குத் திரும்பும்போது எனக்கு ஒரு மனக்குறை. படம் நன்றாக இருந்ததால்தானே அத்தனை பேரும் அப்படிச் சிரித்தார்கள்? வரைந்தவன் நான் பக்கத்திலேயே நிற்கிறேன், எல்லாரும் டீச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கி அவருக்கல்லவா வாழ்த்துச் சொன்னார்கள்!