கண்ணாடிக்காகக் கழுவிய படம்

லாரிக்கு அழகு அதன் முன்கண்ணாடிதான் என்பது என் கட்சி. பாடியை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், டயரில் செம்மண் ஒட்டியிருப்பதுபோல எவ்வளவு பொறுமையாகப் பெயிண்ட் அடித்தாலும், கண்ணாடி சரியில்லை என்றால் அது பொம்மை. கண்ணாடி சரியாக அமைந்துவிட்டால், ஒரு முழம்கூட இல்லாத லாரி இப்போதுதான் தொப்பூர் கணவாய் இறங்கி வந்து நிற்பதுபோல இருக்கும். இந்தக் கட்சியைப் பிடித்துக்கொண்டு நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இண்டூர் பக்கம் வீடு. அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலை. மற்ற நேரமெல்லாம் லாரி கட்டுவேன். நிஜ லாரியில் இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவு. பெட்டியில் பாகம் பாகமாக வரும் வெளிநாட்டு வண்டிகள் எனக்கு ஒத்துவராது. அதில் நம் ஊர் லாரி கிடையாது. நெற்றிப் பலகையில் குலதெய்வத்தின் பெயர், பம்பரில் எலுமிச்சை மிளகாய், பின்னால் தொங்கும் ரப்பர் மண்தடுப்பு, இதெல்லாம் இல்லாமல் என்ன லாரி? அதனால் எல்லாமே என் கைவேலை. சன்போர்டு அட்டையில் கேபின், பழைய செருப்பை வட்டமாக வெட்டி டயர், பேனா ரீஃபிலில் சைலென்சர். பள்ளியில் எனக்கு 'லாரி ஓனர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கேலிதான். ஆனாலும் உள்ளுக்குள் பிடித்திருந்தது.

என் மனைவி வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள், ஆரி வேலையும் செய்வாள். என் லாரிகளின் ஹெட்லைட் எல்லாம் அவளுடைய ஆரிக் கல்தான். கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்கு வாங்கி வைத்ததில் நான் நான்கைந்தைக் கிள்ளிக்கொள்வேன், அவள் எண்ணிப் பார்த்துச் சிரிப்பாள். சுமைக்கு மேல் போடும் தார்ப்பாயைக்கூட அவள்தான் மிஷினில் தைத்து, ஓரத்தில் கயிறு கோர்க்க ஓட்டை வைத்துத் தருவாள். இந்த வயதில் இது என்ன விளையாட்டு என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை. என் மேசையில் ஒரு ஸ்க்ரூ இடம் மாறியிருந்தால் வீடு இரண்டாகும். என் பொருளை யார் தொட்டது என்று அவளிடம் கத்தியிருக்கிறேன், பலமுறை.

கண்ணாடிக்கு வருகிறேன். ஓ.எச்.பி. ஷீட், தண்ணீர் பாட்டில், சட்டைப் பெட்டியின் மூடி எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. ஒன்று வளையும், ஒன்று மங்கும். பழைய எக்ஸ்ரே படத்தை ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் போட்டால் கறுப்பெல்லாம் பாலாடை மாதிரி உரிந்து வந்துவிடும் என்று நானாகவே கண்டுபிடித்தேன். மிஞ்சுவது கெட்டியான, தெளிவான தகடு. அதில் லேசாக ஒரு நீலம் இருக்கும். நிஜ லாரிக் கண்ணாடியின் அதே நீலம். வீட்டில் ப்ளீச்சிங் வாடை அவளுக்கு ஆகாது என்பதால் பள்ளி ஆய்வகத்துத் தொட்டியில்தான் கழுவுவேன். கூட வேலை செய்பவர்கள் கால் முறிந்தது, கை முறிந்தது என்று வைத்திருந்த படங்களை எனக்குக் கொடுத்தார்கள்.

போன மழைக்காலத்தில் ஏழாவது லாரி. ஆறு மாத வேலை, பன்னிரண்டு சக்கரம். கண்ணாடி வெட்டும்போது கத்தி வழுக்கி, கையிலிருந்த கடைசித் தகடும் கீறல் விழுந்து வீணாயிற்று. என்னைப்போல வண்டி கட்டுகிறவர்களின் செல்போன் குழுவில் மறுநாள் படம் போடுவதாக வாய்விட்டிருந்தேன். பீரோவுக்கு மேல் பழுப்பு நிறக் கவர் ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது.

அது என் மனைவியின் நெஞ்சு எக்ஸ்ரே படம். ஐந்து வருடத்துக்கு முன் இரண்டு மாதம் இருமல் விடாமல் இருந்தபோது எடுத்தது. வலது பக்கம் மேலே சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. எப்போதோ வந்து ஆறிய தழும்பு, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அப்போதைய டாக்டர் சொன்னார். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். என் காதிலும்தான் விழுந்தது.

அவள் தைத்த துணியைக் கொடுக்கப் போயிருந்தாள். படத்தை உருவிக்கொண்டு, கவரைக் கசக்கிப் பையில் போட்டு எடுத்துப் போனேன். ஐந்து வருடமாக நன்றாகத்தானே இருக்கிறாள், இனி இது எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேட்டால் கொடுத்திருப்பாளா என்று யோசிக்கவில்லை. கேட்கக்கூடாது என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை. தொட்டியில் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. சீக்கிரம் வெளுக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம்.

குழுவில் அந்த லாரிக்குக் கிடைத்த பாராட்டு அதுவரை கிடைத்ததில்லை. கண்ணாடிக்கு என்ன போட்டீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். தொழில் ரகசியம் என்று பிகு செய்துகொண்டேன். அவளும் குனிந்து பார்த்து, கண்ணாடி ரொம்ப ஜோராக இருக்கிறது, எங்கே வாங்கியது என்று கேட்டாள். சேலத்தில் என்றேன்.

அடுத்த ஆறு மாதத்தில் ஊரில் மருத்துவ முகாம் போட்டார்கள். வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். நுரையீரலில் புள்ளி தெரிகிறது, நெஞ்சு டாக்டரிடம் காட்டுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். தருமபுரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி எடுத்த படம் இருக்காம்மா? அதுலயும் இதே புள்ளி இதே அளவுல இருந்தா பழசுன்னு விட்டுடலாம். இல்லைன்னா ஊசி வச்சு சதை எடுத்துத்தான் பார்க்கணும்."

"இருக்குங்க. வூட்டுல பத்திரமா வச்சிருக்கேனுங்க," என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, நல்லவேளை அதைத் தூக்கிப் போடாமல் வைத்தேன் என்று அவள் பேசிக்கொண்டே வந்தாள். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் ஸ்டூலைப் போட்டு பீரோ மேல் கையை விட்டாள்.

அன்றைக்குத் தொடங்கிய தேடல் மூன்று நாள் நடந்தது. பீரோ, டிரங்குப் பெட்டி, மெத்தைக்கு அடி, துணி மூட்டைகள். நானும் கூடவே தேடினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. பரணில் ஏறி, தூசி பறக்க, இல்லவே இல்லாத ஒரு பொருளுக்காகச் சாக்கை அவிழ்த்துக் கொட்டினேன். அவள் கீழே நின்று, பார்த்து இறங்குங்கள், விழுந்துவிடப் போகிறீர்கள் என்றாள். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது பழைய பேப்பரோடு தானே கட்டிப் போட்டிருப்பேன் என்று கடைசியில் அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கலாம் என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக என்னை எதனால் அடித்தாலும் தகும்.

படம் எடுத்த பழைய சென்டருக்கும் போனோம். அந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. மறுநாள் பள்ளியில் என் அலமாரியைத் திறந்து, வெட்டியது போக மிஞ்சியிருந்த தகட்டைச் சுருளிலிருந்து பிரித்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். மூலையில் ஏதாவது ஒரு தடம் ஒட்டியிருக்காதா என்று நப்பாசை. சுத்தமாக இருந்தது. நான்தான் எதையும் அரைகுறையாகச் செய்யாதவன் ஆயிற்றே.

சேலத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். பழையதா புதியதா என்று அதில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஊசிக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தைய வாரத்தில், தைக்காமல் வைத்திருந்த துணிகளை எல்லாம் பெயர் எழுதி அடுக்கி, ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வந்து தைத்துக்கொள்ளலாமே என்றேன்.

"வந்தா பார்த்துக்கலாங்க. இல்லைன்னா அவங்க துணி நம்மகிட்ட மாட்டிக்கும்," என்றாள். குரலில் அழுகைகூட இல்லை.

முதுகுப் பக்கமாக ஊசியை விட்டார்கள். நுரையீரலில் காற்று கசிந்துவிட்டது. நூற்றில் சிலருக்கு அப்படி ஆகுமாம். விலாவில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். இரண்டு நாள் என்று போனது ஆறு நாள் ஆயிற்று. மூச்சை இழுக்கும்போதெல்லாம் என் விரலைப் பிடித்துக்கொள்வாள். அந்த விரல்களால்தான் நான் படத்தைக் கழுவினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு வீட்டுக்காரர் கிடைக்க மாட்டார், ராத்திரி பகல் பார்க்காமல் கூடவே இருக்கிறாரே என்று அவளிடம் சொன்னார். அவள் பெருமையாகத் தலையாட்டினாள். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

பத்தாம் நாள் முடிவு வந்தது. ஒன்றுமில்லை, பழைய தழும்பு. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு டாக்டர் படத்தைப் பார்த்தே சொன்னதை, என் மனைவியைத் துளைத்துக் கண்டுபிடித்தார்கள். சொந்தக்காரர்கள் சாமிக்கு வேண்டிக்கொண்டதைச் சொன்னார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, இப்போது சொல்லி அவள் மனதை எதற்குக் கெடுப்பது என்று எனக்கு மறுபடியும் ஒரு சமாதானம் கிடைத்தது. எனக்குச் சமாதானங்களுக்குப் பஞ்சமே வந்ததில்லை.

அவள் தேறிவிட்டாள். விலாவில் அரை விரல் நீளத்துக்குத் தழும்பு. ஆனால் வேறு ஒன்று போய்விட்டது. ரவிக்கை அளவை மூன்று தடவை எழுதிப் பார்க்கிறாள். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறாள். அடுப்பை அணைத்தேனா என்று என்னைக் கேட்கிறாள். இந்த வீட்டில் ஒரு குண்டூசி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள் அவள்.

போன வாரம் மறுபரிசோதனைக்குப் போய்ப் புதிதாக எடுத்த படத்தோடு வந்தோம். டாக்டர் அதைப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தையும் ஸ்கேன், ஊசி ரிப்போர்ட்டுகளையும் ஒரே கவரில் போட்டு, மேலே தன் பெயரை எழுதி, என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே வச்சுக்கங்க. என் கையில குடுத்தா தொலைச்சுருவேன்."

வாங்கிக்கொண்டேன்.