மனைவியைப் பார்க்கப் பறந்து வந்தவர்

சீனச் சண்டை முடிந்த மறு வருஷம், ஆடி மாதம். அப்போது நான் திருச்சி தென்னூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். ஒரு டாக்டரம்மா நடத்தி வந்த சின்ன ஆஸ்பத்திரி அது. பாலக்கரையில் எங்கள் வீடு. வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. யாராவது வலியில் கத்தினால் எனக்கும் சேர்ந்து கண் கலங்கிவிடும்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பெண்ணைத் தலைப்பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். அவளுடைய அப்பாவுக்கு அங்கே கோயில் பக்கம் பாத்திரக்கடை. புருஷன் விமானப்படையில் விமானி. சண்டைக்குப் பிறகு அவர்களுக்கெல்லாம் லீவு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம். பிரசவத்துக்கு வர முடியாது என்று அவர் முன்பே சொல்லிவிட்டாராம். ஆனாலும் அந்தப் பெண் முகம் வாடவில்லை. பயிற்சிக்காக இந்தப் பக்கம் பறக்க நேர்ந்தால், ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போவாராம். கீழேயிருந்து பார்க்க இவளுக்கு ஆள் தெரியாது. ஆனால் கோயிலின் மொட்டைக் கோபுரத்தைத் தாண்டி அந்த விமானம் ஒரு பக்கமாகச் சாயும்போது அவர்தான் என்று தெரிந்துவிடுமாம். "அது தப்புத்தான் சிஸ்டர், மேலதிகாரிக்குத் தெரிஞ்சா திட்டுவாங்க" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

ஒரு நாள் காலையில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம்தான். குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றி நான்தான் தாத்தாவிடம் காட்டினேன். மனிதர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. டாக்டரம்மா ஊசி போட்டார், தம்மால் ஆனதெல்லாம் செய்தார். போக்கு குறைந்ததே தவிர, அதற்குள் அவள் உதடு வெளுத்து, கைகால் சில்லிட்டுவிட்டது. ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும் என்றார் டாக்டரம்மா.

இப்போது போல அன்று நினைத்தவுடன் ரத்தம் கிடைக்காது. அவளுக்கு பி வகை. அப்பாவுக்குச் சேரவில்லை. என்னுடையதையும் பார்த்தார்கள், சேரவில்லை. ஊரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பிக் கேட்டோம். அன்றைக்கு அங்கேயும் அந்த வகை இல்லை. பெரியவர் வராந்தாவில் நின்றுகொண்டு போகிற வருகிறவர்களையெல்லாம் கெஞ்ச ஆரம்பித்துவிட்டார். ரத்தம் என்று காதில் விழுந்ததுமே ஆட்கள் ஒதுங்கிப் போனார்கள்.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணியாய்த் தைத்த உடுப்போடு ஒருவர் இறங்கி, கையில் ஒரு ஆரஞ்சுப் பழப் பையுடன் சிரித்துக்கொண்டே வந்தார். வாட்ச்மேன் அவரை மின்சாரம் ரிப்பேர் பார்க்க வந்த ஆள் என்று நினைத்துப் பின்பக்கம் போகச் சொன்னார். பெரியவர்தான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, வந்துட்டீங்களா!" என்று உடைந்து அழுதார்.

நீண்ட தூரம் பறந்து திரும்பும் பயிற்சி அன்று அவருக்கு. திருச்சியில் இறங்கிப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும். போகிற ஊரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தபோது திருச்சியைக் கேட்டு வாங்கியிருக்கிறார். இறங்கிய இடத்தை விட்டு வெளியே வர அனுமதி கிடையாது. மனைவி இங்கே சேர்ந்திருப்பது கடிதத்தில் தெரியும், ஒரு எட்டு பார்த்துவிட்டு ஓடிவிடலாம் என்று டாக்ஸி பிடித்திருக்கிறார். குழந்தை பிறந்ததே வாசலில்தான் அவருக்குத் தெரியும். ரத்தம் வேண்டும் என்பதும் அதே வாசலில்தான்.

"என்ன வகை?" என்று மட்டும் கேட்டார். சொன்னதும் உடுப்புக்குள்ளிருந்து ஒரு சங்கிலியை இழுத்துக் காட்டினார். அதில் தொங்கிய தகட்டில் அவருடைய ரத்த வகை பொறித்திருந்தது. அதே பி.

பரிசோதித்துச் சேரும் என்று தெரிந்த பிறகு டாக்டரம்மா அவரிடம் கேட்டார்: "நீங்கதானே விமானத்தை ஓட்டிக்கிட்டுப் போகணும்? ரத்தம் எடுத்தா இன்னிக்குப் பறக்கக் கூடாது. மேலே போய் மயக்கம் வந்தா யார் பிடிப்பாங்க?"

"தெரியும் டாக்டர். எங்க விதியிலயே இருக்கு. நீங்க எடுங்க" என்று கையை மடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

கண்ணாடிப் பாட்டிலில் ரத்தம் இறங்க இறங்க நான் பக்கத்தில் நின்றேன். அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை, குழந்தை யார் ஜாடை என்று கேட்டார். எழுந்ததும் நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். அந்தப் பாட்டிலைக் கையில் ஏந்தி உள்ளே எடுத்துப் போனபோது அதன் சூடு என் உள்ளங்கையில் தெரிந்தது.

அவர் படுத்திருக்கும்போது பெரியவர் காபியோடு வந்து உட்கார்ந்தார். மகளைப் பற்றிய கவலையோடு மருமகன் வேலையைப் பற்றிய கவலையும் அவருக்கு வந்துவிட்டது. "கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுங்க. அப்புறம் மெதுவாப் போயிடலாம். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

மருமகன் மறுத்துத் தலையை அசைத்தார். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, இப்ப குடுத்த ரத்தத்துக்கு அர்த்தமே இல்லாம போயிடும் மாமா."

"அப்ப எஞ்சின் கோளாறுன்னு போன் பண்ணிடுங்களேன். ஊர் விட்டு ஊர் வந்து யார் பார்க்கப் போறாங்க?"

நான் நாடி பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சு எனக்கும் சரியாகத்தான் பட்டது. யாருக்கும் நஷ்டமில்லாத பொய். ஒரு குடும்பத்தின் பிழைப்பு தப்பிக்கும். அவரும் உடனே மறுத்துவிடவில்லை. நாடி வேகமாக ஓடியது. காபியைப் பாதி குடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"கோளாறுன்னு சொன்னா, காலைல அந்த விமானத்தைப் பார்த்து, சரியா இருக்குன்னு சொல்லி அனுப்பின மெக்கானிக்கைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க மாமா. என்னத்தைக் கவனிச்சேன்னு அவரை நிக்க வச்சுக் கேப்பாங்க. அவர் ஒரு தப்பும் பண்ணலையே. பண்ணினது நான்தானே."

பெரியவர் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

டாக்டரம்மா அறையிலிருந்த போனில், விமானி முதலில் திருச்சி விமான நிலையத்துக்குப் பேசினார். பிறகு அவசரமாக வெளியூருக்கு டிரங்க் கால் போட்டு மேலதிகாரியைப் பிடித்தார். நின்றுகொண்டே, விறைப்பாக, இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் கத்தியது மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. பிறகு கத்தல் நின்றது. இவர் "பி" என்றார். இன்னொரு தடவை "பி" என்றார். போனை வைத்துவிட்டு, "என் மனைவிக்கு என்ன ரத்தம்னு கேட்டாங்க" என்று டாக்டரம்மாவிடம் சொன்னபோதுதான் அவர் முகம் கலங்கியது.

மறுநாள் காலையில் ஒரு பெரிய விமானத்தில் வேறொரு விமானியையும், முதல் நாள் காலை அந்த விமானத்தைப் பார்த்து அனுப்பிய அதே மெக்கானிக்கையும் அனுப்பியிருந்தார்கள். விமானத்தைச் சரிபார்த்துவிட்டு மெக்கானிக் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், வயதில் மூத்தவர். பி வகை யாருக்கு என்று அதிகாரி கேட்டபோது கை தூக்கியவர்களில் இவரும் ஒருவராம். எப்படியும் விமானத்தைப் பார்க்க வர வேண்டியவர் என்பதால் இவரையே அனுப்பிவிட்டார்கள்.

வந்ததும் வராததுமாக விமானியைப் பிடித்துக்கொண்டார். "ஆடிக் காத்துல விமானத்தைக் கட்டாம விட்டுட்டு வரலாமா சார்? நல்லவேளை, இங்க இருக்கவங்க கயிறு போட்டுக் கட்டி வச்சிருக்காங்க. புரண்டு கிடந்தா என்ன ஆவுறது?" என்று திட்டினார். விமானி தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். திட்டி முடித்த பிறகு அந்த மனிதர், "எங்க படுக்கணும்மா?" என்று என்னிடம் கேட்டார்.

முதல் நாள் அவர் தலையில் விழவிருந்த பழி அவருக்குத் தெரியாது. தெரிந்த நாங்கள் யாரும் சொல்லவும் இல்லை. அவர் கையில் ஊசி குத்தப் போனவள் ஒரு கணம் தயங்கினேன். "பயப்படாம குத்துங்க தாயி" என்று எனக்குத் தைரியம் சொன்னார். அந்த இரண்டாவது பாட்டிலுக்குப் பிறகுதான் அந்தப் பெண் கண் திறந்து, குழந்தையைப் பக்கத்தில் படுக்க வைக்கச் சொன்னாள்.

விமானிக்குத் தண்டனை கிடைக்காமல் இல்லை. விசாரணை வைத்தார்கள். பல மாதம் பறக்க விடாமல் ஆபீஸில் உட்கார வைத்தார்கள். பதவி உயர்வும் தள்ளிப்போயிற்று. அடுத்த பிரசவத்துக்கு அதே ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவள்தான் எனக்கு இதையெல்லாம் சொன்னாள். "அவருக்கு அது பெரிய கஷ்டம்தான் சிஸ்டர். ஆனா தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவார். இவ நடை பழகினதே அவர் விரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான்" என்று பெரியவளைக் காட்டினாள். அந்தக் குழந்தை என் கைக்கடிகாரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு பல ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். மருந்து மாறிப் போனது, சொன்ன நேரத்தில் போகாதது என்று எனக்கும் எத்தனையோ பதற்றமான நாட்கள் வந்ததுண்டு. அப்போதெல்லாம் தப்பித்துக்கொள்ள ஒரு சின்னப் பொய் நாக்கு நுனிவரை வரும். வாயைத் திறக்கும் முன், இது யார் தலையில் போய் விழும் என்று ஒரு நிமிடம் யோசிக்கும் பழக்கம் மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.