ஒட்டகம் பால் குடித்த கதை

ஓர் ஒட்டகத்தை முழுசாக விரல் நீளக் குழாய்க்குள் அடைத்து ஃப்ரீசரில் வைத்தவள் உலகத்திலேயே ஒருத்திதான். அவள் பெயர் சொட்டு. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். திமில், வால், அந்த அலட்சியப் பார்வை எல்லாம் பண்ணையிலேயே நின்றுவிட்டன. குழாய்க்குள் வந்து சேர்ந்தது ஒட்டகத்தின் ரத்தத்திலிருந்து எடுத்த ஜீன்கள் மட்டும். ஆனால் முழு ஒட்டகத்தைக் கட்டி மேய்ப்பவன்கூட அதனிடம் இவ்வளவு பட்டிருக்க மாட்டான்.

சொட்டு என்பதும் அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. பரிசோதனைக்கூடத்தில் நாள் முழுக்கப் பைப்பெட்டைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருப்பவளுக்குக் கூட வேலை செய்பவர்கள் வைத்த பட்டப்பெயர். அமுக்கி அமுக்கி அவளுடைய வலது கட்டைவிரல் ஓய்ந்துபோய்விட்டது. வீட்டுக்கு வந்தால் ஊக்கு மாட்டக்கூட அது ஒத்துழைப்பதில்லை.

எலிக்காய்ச்சல் வந்தவருக்கு, அது எலிக்காய்ச்சல்தான் என்று தெரிவதற்குள் சிறுநீரகம் படுத்துவிடுகிறது. ஒரு சோதனைப் பட்டையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டால் அங்கேயே கோடு விழுந்து சொல்லிவிட வேண்டும் என்பதுதான் சொட்டுவின் கூடத்துக்காரர்கள் ஆசை. அதற்கு, அந்தக் கிருமியின் புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கிற ஓர் ஆன்டிபாடி வேண்டும். ஒட்டகத்தின் ஆன்டிபாடிகளில் ஒரு வகை மிகவும் சின்னது, வெயிலைக் கண்டு சுருண்டு விழாதது. ஃப்ரிட்ஜ் இல்லாத ஆஸ்பத்திரிக்குத் தோதானது. ஆகவே ஒட்டகத்துக்குக் கிருமிப் புரதத்தை ஊசி போட்டார்கள். அது மாட்டு டாக்டரின் முகத்தில் துப்பி நன்றி தெரிவித்தது. சில வாரம் கழித்துக் கழுத்திலிருந்து ரத்தம் எடுத்து, ஆன்டிபாடி செய்யும் ஜீன்களைப் பிரித்து, ஃபேஜ் என்கிற வைரஸுக்குள் நுழைத்தார்கள்.

ஃபேஜ் மனிதர்களைச் சீண்டாது, பாக்டீரியாவைத்தான் படுத்தும். ஒட்டகத்தின் ஜீன் உள்ளே போனால், அந்த ஆன்டிபாடியைத் தொப்பி மாதிரி தலையில் மாட்டிக்கொண்டு வெளியே வரும். கோடிக்கணக்கான ஃபேஜ், ஆளுக்கு ஒரு தொப்பி. அவற்றைக் கிருமிப் புரதம் பூசிய குழித்தட்டில் ஊற்றிக் கழுவினால் ஒட்டாததெல்லாம் ஓடிவிடும். ஒட்டியதைப் பெருக்கி மறுபடி ஊற்றி, மறுபடி கழுவ வேண்டும். மாப்பிள்ளை பார்க்கிற மாதிரிதான், கழித்துக்கட்டிக்கொண்டே போக வேண்டியது.

குழியில் புரதம் படாத இடத்தில் கண்டதும் போய் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, பால் பவுடரைக் கரைத்து ஊற்றி மூடுவார்கள். காபிக்குப் போடுகிற அதே பால் பவுடர்தான், கொழுப்பு நீக்கியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இப்படிக் கழித்துக் கழித்துக் கடைசியில் ஏழாம் நம்பர் என்று ஒன்று தேறியது. கிருமி பூசிய குழியில் விட்டு, ஒட்டியதைக் காட்டிக்கொடுக்கும் நிறமருந்தை ஊற்றினால் மஞ்சள் பளீரென்று வரும். கிருமி இல்லாத குழியில் விட்டால் தண்ணீர் மாதிரி இருக்கும். மறுபடி மறுபடி செய்து பார்த்தார்கள், அதே மஞ்சள். கூடத்தின் தலைவியான மேடம், பட்டை செய்கிற கம்பெனிக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டார். சொட்டு ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டாள். கல்யாணமானதிலிருந்து புருஷன் ஒரு ஊர், இவள் ஒரு ஊர். "இந்த வேலை முடிஞ்சதும் வந்துடறேன்" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அந்த வாக்கியம் புளித்துப்போயிருந்தது. இப்போது நிஜமாகவே முடிந்துவிட்டது. சாமான்களில் பாதி புருஷன் ஊருக்குப் போய்விட்டன. கட்டிலைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாயிற்று. வெள்ளிக்கிழமை லாரி வந்து மிச்சத்தை ஏற்றிக்கொண்டால் சரி.

வீட்டில் துணைக்கு மாமியார் இருந்தாள். அழகும் அறிவும் ஒருங்கே அமைந்தவள். (இந்த இடத்தில் மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை.) அன்று காலையில் அவள் நீட்டிய டம்ளரைப் பார்த்துச் சொட்டு முகம் சுளித்தாள்.

"என்ன அத்தை, பால் ஊத்தலையா?"

"பால் வைக்கிற ஃப்ரிட்ஜு உன் புருஷன்கிட்ட இருக்கு. இங்க இருந்த பவுடரும் தீர்ந்துபோச்சு. கடுங்காப்பிதான். கறுப்பா இருக்குன்னு ஒதுக்கி வைக்காம குடி."

சொட்டு குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பவுடர் தீர்ந்துபோச்சு. கூடத்திலும் ஒரு நாள் அப்படித்தான் தீர்ந்துபோனது. கிருமி பூசிய தட்டை மூடுவதற்குத்தான் பால் போதுமாக இருந்தது. கிருமி இல்லாத தட்டை அவள் ஜெலட்டின் ஊற்றி மூடினாள். இன்றைக்கு மட்டும், நாளைக்குப் பவுடர் வந்துவிடும் என்று. பவுடர் வந்தது. ஆனால் அவசரத்துக்குச் செய்தது பழக்கமாகி, அதன் பிறகு எல்லா நாளும் இந்தத் தட்டுக்குப் பால், அந்தத் தட்டுக்கு ஜெலட்டின் என்றே நடந்தது. அப்படியானால் ஏழாம் நம்பர் பிடிப்பது கிருமியையா, பாலையா?

அந்த நேரம் பார்த்துப் புருஷன் ஃபோனில் வந்தான்.

"லாரிக்காரன் காலைல சீக்கிரமே வந்துடுவானாம். எல்லாம் கட்டி முடிச்சாச்சா? என்ன, சத்தத்தையே காணோம்?"

"ஒட்டகம் பால குடிச்சிருக்கும்போல இருக்கு."

"யாரு?"

"ஒட்டகம்."

"உனக்கு லீவு வேணும்டி," என்றான் அவன், பாவம்.

பேசாமல் இருந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. கம்பெனிக்காரர்கள் எப்படியும் ஒரு நாள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் அதற்குள் அவள் வேறு ஊரில், மாட்டிய கட்டிலில், நிம்மதியாகப் படுத்திருப்பாள். எத்தனை நாள் தூக்கம் பாக்கி! ஆனால் அவர்கள் கண்டுபிடிக்கும்வரை பட்டை வராது. வராத பட்டைக்காக அடுத்த மழைக்காலமும் யாராவது காய்ச்சலோடு காத்துக்கிடக்க வேண்டும். கண்டுபிடிக்காமலே விட்டுவிட்டால் இன்னும் மோசம். கோடு விழாத பட்டையைக் காட்டி, ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிடுவார்கள். சொட்டு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். காபி ஆறிப்போய் அங்கேயே இருந்தது.

அன்றைய தட்டில் ஒரு வரிசைக்குக் கிருமியே பூசவில்லை, பால் மட்டும். ஏழாம் நம்பரை விட்டாள், கழுவினாள், நிறமேற்றினாள். பால் வரிசை முதலில் நீலமானது. அமிலம் விட்டதும் மஞ்சள் பூத்தது. இத்தனை அழகான மஞ்சளை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. தட்டோடு போய் மேடம் முன்னால் நின்றாள்.

"இது எந்த வரிசை?" மேடம் கண்ணாடியை மாட்டினார்.

"வெறும் பால், மேடம். கிருமியே போடல."

"வெறும் பாலா?"

"வெறும் பால்."

மேடம் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நான் கம்பெனிக்காரன்கிட்ட வாய் கிழியப் பேசியிருக்கேன்டி."

"ஜெலட்டின் ஊத்தினது நான்தான், மேடம்."

"பார்த்துட்டு சரின்னு தலையாட்டினது நான்."

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் கோபப்படக்கூடத் தெம்பில்லை. ஃப்ரீசர் மட்டும் ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை கிளம்பறல்ல நீ?" என்றார் மேடம். சொட்டு புதுத் தட்டு ஒன்றை எடுத்து, மூடியில் தேதி எழுத ஆரம்பித்தாள். மேடம் பால் பவுடர் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

"கட்டில கழட்டிட்டேன்னியே, எங்க படுப்ப?"

"தரையிலதான்."

லாரிக்காரன் வந்து, திட்டிவிட்டு, காலி வண்டியோடு போனான். புருஷனுக்கு ஃபோனில் விஷயத்தைச் சொன்னாள். அவன், "அப்ப ஃப்ரிட்ஜையாவது திருப்பி அனுப்பவா?" என்று கேட்டான். அதைக் கேட்டுத்தான் சொட்டு அழுதாள். வேலை பாழானதற்கு அவள் அழவில்லை.

ஃப்ரீசரிலிருந்து பழைய குழாய் வெளியே வந்தது. மறுபடி அதே கோடி ஃபேஜ், அதே கோடி தொப்பி. இந்த முறை முதலில் பால் மட்டும் பூசிய குழிகளில் ஊற்றினாள். பாலுக்கு அலையும் கூட்டமெல்லாம் அங்கேயே ஒட்டிக்கொண்டது. ஒட்டாமல் மிதந்ததை மட்டும் உறிஞ்சிக் கிருமிக் குழிக்கு மாற்றினாள். ஒவ்வொரு சுற்றிலும் இதே கதை. கட்டைவிரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு செய்தாள். வீட்டுக்கு வந்தால் பாயை விரிக்கக்கூட முடியாமல் அட்டைப்பெட்டியில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். மாமியார் தலையணையைச் செருகிவிட்டு, கழற்றிய கட்டிலை முறைத்துக்கொண்டிருந்தாள்.

நேற்று மத்தியானம் புதிதாக ஒன்று தேறியது. கிருமி வரிசையில் மஞ்சள். பால் வரிசை தண்ணீர், ஜெலட்டின் வரிசை தண்ணீர், வெறும் பிளாஸ்டிக் வரிசையும் தண்ணீர். ஒட்டகம் ஜெயித்துவிட்டது, கிருமியைப் பிடித்தே விட்டது என்று இங்கே முடிக்கலாம் என்று பார்த்தால், என் முதுகுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தவள் விடவில்லை.

"பிடிச்சிடுச்சுன்னு எழுதாதீங்க அத்தை. பிடிக்கிற மாதிரி இருக்குன்னு எழுதுங்க. நோயாளி ரத்தத்துல இன்னும் பார்க்கல. அப்புறம், அந்த ஒட்டகம் டாக்டர் மூஞ்சில துப்பல. என் மூஞ்சிலதான் துப்பிச்சு."